எட்டாவது சீழ்க்கை

பிப்ரவரி 11

அன்புத் தங்கை நண்டுக்கு,

உன் முழங்கை வலி தணிந்ததா? கன்றுகளுக்கும் நாய்களுக்கும் மருந்து கொடுக்கும் கை அது. கால்நடை மருந்தகத்துக்கு அது வேண்டும், எனக்குக் கடிதம் எழுதவும் வேண்டும், பேணிக் கொள். நான் நலம். தொண்டை மட்டும் பத்து நாளாகக் கரகரக்கிறது. துறைமுகச் சங்கத் தோழர்கள் அதை விடுமுறையாகக் கொண்டாடுகிறார்கள்.

நம் ஊர் நகர்மன்றம் எனக்கு எழுதியிருக்கிறது. காட்டுப் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் அப்பாவுக்கு ஒரு நினைவுக்கல் நடப் போகிறார்களாம். கல்லில் பொறிக்கும் வரிகளை நான் எழுத வேண்டுமாம். செப்டம்பர் 14 அன்று வந்து, கல்லைத் திறந்துவைத்து உரையாற்றவும் வேண்டுமாம். நவம்பரில் அடக்கத்துக்கு வராத மகனை அழைக்க அவர்களுக்கு எவ்வளவு பெரிய மனம். வேலைநிறுத்தத்தால் வர இயலவில்லை என்று அப்போதே உனக்கு எழுதியிருந்தேன்.

மூன்று வரி எழுதிவிட்டேன்:

ஏரியின் மதகைக் காத்தவர்.
காட்டில் தொலைந்தவரைக் கண்டெடுத்தவர்.
ஊர் என்றால் தன் வீட்டையும் மறந்தவர்.

எப்படி இருக்கிறது? உரைக்குச் செய்திகள் வேண்டும். அப்பா எத்தனை பேரைத் தேடிக் கண்டெடுத்தார்? நீ ஒருத்திதான் அருகில் இருந்தாய். நீயே சொல்ல வேண்டும். நீ ஒன்பது மாதத்தில் பக்கவாட்டில் தவழ்ந்தாய் என்று அவர் இட்ட பெயரைத்தான் இன்னும் மேலே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

வேளைக்கு உண்டு, குளிர் படாமல் இரு.

உன் அண்ணன்

*

மார்ச்சு 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

தொண்டைக்கு வெந்நீரில் உப்பிட்டுக் கொப்பளி. ஆட்டுக்குக் கொடுக்கும் மருந்து ஒன்றும் இருக்கிறது. உனக்குப் பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன். தொலைபேசியில் ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே. தொலைபேசியில் நீ பேசுவாய், நான் ‘ம்’ கொட்டுவேன். தாளில்தான் எனக்கு முறை வருகிறது.

நீ கேட்ட கணக்கு. மனிதர் அறுபத்து மூவர். பசு இரண்டு. ஒரு மணப்பெண், அவளை மட்டும் கணக்கில் சேர்க்காதே என்பார். “அது தொலையலம்மா, ஓடிப் போச்சு. நான்தான் தெரியாம கண்டுபிடிச்சுத் தொலைச்சேன்” என்பார்.

தொலைந்தவர்கள் மட்டுமா? பள்ளிக்கூடத்துச் சறுக்குமரத்தின் ஆணி உயர்ந்திருந்தால் அதைத் தட்டி இறக்குவது அவர் வேலை. படுக்கையில் கிடப்பவர் வீட்டு வாசலில், செய்தித்தாளில் சுற்றிய மீன் ஒன்று விடியலில் இருக்கும். யார் வைத்தது என்று எவரும் கேட்டதில்லை. தாளின் ஓரத்தில் மதகுக் காவலரின் மசகு எண்ணெய் ஒட்டியிருக்கும்.

அடுக்களைச் சுவரை நினைவிருக்கிறதா? அவர் கரிக்கோலால் வரைந்த குன்று அப்படியே இருக்கிறது. அதன்மேல் நம் உயரக் கோடுகளும் இருக்கின்றன. உனக்கு ஏழு வயதில் ஊற்று, பத்தில் இரட்டைப்பாறை, பதினாறில் உச்சி. நான் இரட்டைப்பாறைக்குமேல் ஏறவே இல்லை. “பரவால்ல, அங்கிருந்து பாத்தாலும் ஏரி தெரியும்” என்று தேற்றினார்.

முதல் இரண்டு வரியும் நன்று. மூன்றாவது வரியை எடுத்துவிடு. அது உண்மை இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நண்டு

*

மார்ச்சு 14

அன்புத் தங்கைக்கு,

உன் உப்பு நீரால் குரல் திரும்பிவிட்டது. தோழர்கள் உன்னைத் திட்டுகிறார்கள். உன் கை எப்படி?

அடுக்களைச் சுவரைப் பற்றி நீ எழுதிய பத்தியை நான்கு முறை படித்தேன். காலையில் அடுப்பின்மேல் நம் காலுறைகளைச் சுட வைப்பாரே, அந்தக் கருகிய கம்பளி மணம் இந்த அலுவலகத்தில் வந்து நின்றது. ஏழு வயதில் நான் காட்டில் தொலைந்ததும் நினைவுக்கு வந்தது. அவர் ஊர்ப் பிள்ளைகள் அனைவர் கழுத்திலும் ஒரு தகர ஊதலைக் கட்டிவிட்டு, ஒரே விதியைச் சொல்லியிருந்தார்: “தொலைஞ்சா நடக்காதே. ஒரு மரத்தப் பிடிச்சுக்கிட்டு நின்ன எடத்துலயே நில்லு. தேடுறவன் மூணு தடவ ஊதுவான். நீ ஒரு தடவ ஊது. நடக்குறது என் வேல.” நான் நின்றேன். பொழுது சாயுமுன் மூன்று சீழ்க்கை கேட்டது. வந்தவர் ஏசவில்லை, அணைக்கவும் இல்லை. அவிழ்ந்திருந்த என் காலணி நாடாவுக்கு இரட்டை முடிச்சுப் போட்டார்.

மூன்றாம் வரியை ஏன் எடுக்க வேண்டும்? அம்மா இறந்த ஆண்டிலும் நம் இருவரையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஊற்றுக்கு அப்பால் யாரையோ தேடிப் போனவர் அல்லவா அவர்? மேடையில் சொல்ல அதைவிடச் சிறந்த புகழ் எது?

அல்லது, பதினோர் ஆண்டுக்கு முந்தைய அந்த நாளை எண்ணிச் சொல்கிறாயா? தையற்காரர் தொலைந்த நாள். அப்பா நீங்கலாக எட்டுப் பேர் தேடினோம். பிற்பகல் மூன்று மணிக்கு அப்பா தேடலை நிறுத்தினார். மறுநாள் காலையில், நிறுத்திய இடத்துக்கு இருநூறு அடி தள்ளித் தையற்காரர் கிடைத்தார். குளிரில் உறைந்த இடக்கால் போயிற்று. நகர்மன்றக் கூட்டத்தில் நான் எழுந்து அப்பாவைக் கேட்டேன்: மூன்று மணிக்கு வெளிச்சம் இல்லையா, கால் இல்லையா, நெஞ்சம் இல்லையா என்று. அவர் மூன்றாம் வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். விடை சொல்லவில்லை. அடுத்த நாள் நான் ஊரைவிட்டு வந்தேன்.

ஏன் நிறுத்தினார், நண்டு? உனக்குத் தெரியுமா? அது தெரியாமல் அந்தக் கல்லருகே நின்று என்னால் பேச முடியாது.

நலமே இரு.

அண்ணன்

*

மே 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறாயா? காலம் தாழ்த்திவிட்டேன். மருந்தகத்துக்கு வந்த வேட்டைநாய் ஒன்று கட்டைவிரலைக் கடித்துவிட்டது. நாயின் உரிமையாளர், “அது ஒருநாளும் கடிக்காதும்மா” என்று அதன் வாயில் என் விரல் இருக்கும்போதே சொன்னார். பிறகு கூரை ஒழுகியது. பிறகு மதகுக் காவலுக்குப் புதிதாக வந்தவர் சக்கரம் எந்தப் பக்கம் சுழல வேண்டும் என்று கேட்க வந்தார். அப்பா காட்டியபடி காட்டினேன்.

ஏரிக்கரையில் இப்போது நாணல் உயரமாக வளர்ந்திருக்கிறது. அவர் படகைக் கவிழ்த்து வைத்தேன். அடியில் ஒரு வாத்து குடியேறிவிட்டது. தையற்காரர் ஞாயிறுதோறும் வருகிறார். கல் வேண்டும் என்று நகர்மன்றத்தில் முதலில் கேட்டவரே அவர்தான். அவர் கடைக்குப் போனால், ஒற்றைக் காலால் தையல் எந்திரத்தை மிதித்துக்கொண்டே, “ஒரு காலுதான், அதனால பாதி விலைக்குத் தெச்சுக் குடுன்னு கேக்குறாங்கம்மா” என்கிறார்.

வாசல் கதவருகே உள்ள ஆணிகளை எண்ணிப் பார்த்தேன். மூன்று. அப்பாவின் ஊதல், என்னுடையது, உன்னுடையது. உன்னுடையதன்மேல் தூசு படிந்திருந்தது, துடைக்கவில்லை.

மூன்றாம் வரியை எடுத்துவிட்டாயா?

நேரத்துக்குத் தூங்கு.

நண்டு

*

சூன் 1

தங்கைக்கு,

விரல் ஆறியதா?

இரண்டு மாதத்துக்கு மேல் காக்க வைத்து, ஒரு வாத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். நான் கேட்டது வாத்தை அல்ல.

உனக்குத் தெரியும். தெரிந்ததை நீ மறைக்கும்போது கூரையும் நாயும் உன் கடிதத்தில் வந்துவிடும், சிறுவயதிலிருந்து அப்படித்தான். சரி, நீ மறைப்பதால் நான் ஒன்றைத் திறக்கிறேன். நவம்பரில் உன் தந்தி வருவதற்கு இரண்டு நாள் முன்பே வேலைநிறுத்தம் முடிந்துவிட்டது. நான் வந்திருக்கலாம். வரவில்லை.

ஏன் தெரியுமா? நகர்மன்றத்தை விட்டு இறங்கிய அன்றே, நான் வழி தவறிவிட்டேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால் நின்றேன். இதே அறை, இதே முகவரி. வாடகை உயர்ந்தபோதும் மாறவில்லை. தொலைந்தவன் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்று சொன்னவர் அவர். முன்பின் தெரியாத அறுபத்து மூவருக்காக அந்தக் காட்டைக் காலால் அளந்தவர், தன் மகனுக்காக ஒரு பேருந்தில் ஏறவில்லை. பதினோர் ஆண்டு நின்றேன். மூன்று சீழ்க்கை கேட்கவில்லை. வராதவரின் அடக்கத்துக்கு நான் மட்டும் ஏன் வர வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

அதனால்தான் அந்த மூன்றாம் வரி. அது புகழ் மட்டுமன்று. காரணத்தை நீ எழுதாவிட்டால், வரி அப்படியே இருக்கும். நான் வர மாட்டேன்.

அண்ணன்

*

சூன் 5

அண்ணா,

உன் கடிதம் கிடைத்த அன்றே எழுதுகிறேன். நலம் கேட்க மறந்தால் மன்னித்துக்கொள்.

நம் தெரு முடிவில் பேருந்து நிற்கும் இடத்தில் ஒரு மரப்பலகை இருக்கிறதே, நினைவிருக்கிறதா? நீ போன மறுவாரம் தொடங்கி, மதகை மூடிவிட்டு அப்பா நேரே அங்கே போய் அமர்வார். மாலைப் பேருந்து வரும், ஆட்கள் இறங்குவார்கள், பேருந்து திரும்பும், பிறகு வீட்டுக்கு வருவார். மழையிலும் போவார். ஊரில் எவரும் அவரிடம் காரணம் கேட்டதில்லை. ஓட்டுநர் மட்டும் ஒவ்வொரு நாளும், “இன்னிக்கு இல்ல பெரியவரே” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவார்.

மூன்றாம் ஆண்டில் நான் பொறுக்காமல் கேட்டேன்: “நீங்களே போய்க் கூட்டிட்டு வரலாமேப்பா? ஊரெல்லாம் தேடுவீங்க, அவனத் தேட மாட்டீங்களா?”

அவர் காலணியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “அவன் எங்கம்மா தொலைஞ்சான்? அவனுக்கு வழி தெரியும், வேல இருக்கு, நாலு பேரு மதிக்கிறாங்க. தப்புன எடத்துல நிக்கிறது நான். தொலைஞ்சவன் நடந்தா, தேடி வர்றவனுக்கு எப்படிக் கெடைப்பான்? அவன் வருவான். அதுவரைக்கும் நான் நகரக் கூடாது.”

நான் அப்போதே உனக்கு எழுதியிருக்க வேண்டும். கடிதங்களின் அடியில் ‘அப்பா நலம்’ என்று மட்டும் எழுதினேன். இருவரில் யாராவது ஒருவர் அடுத்த மாதம் நகர்ந்துவிடுவீர்கள் என்று ஒவ்வொரு மாதமும் நினைத்தேன். நீயும் நிற்கிறாய் என்று எனக்குத் தெரியாது. இப்படி ஒரு தவறு உலகத்தில் வேறு எந்த வீட்டிலும் நடந்திருக்காது.

நீ கேட்ட காரணத்தை நான் எழுத முடியாது. சொல்ல மாட்டேன் என்று அப்பா கையில் அடித்து வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் தையற்காரர் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. உன் முகவரியைக் கேட்டார், கொடுத்தேன்.

சாப்பிட்டாயா?

நண்டு

*

சூன் 27

மதிப்புக்குரிய தம்பிக்கு,

தையற்காரன் எழுதுவது. எல்லாரும் நலம், ஒரு கால் நீங்கலாக. துணியில் வெட்டுவதுபோல் தாளில் எனக்கு வெட்டத் தெரியாது. குறுக்கே போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, அன்று இரண்டு மணிக்கு மூடுபனி இறங்கியதும், உங்கள் அப்பா கால் மணிக்கு ஒரு முறை மூன்று சீழ்க்கை அடிக்கத் தொடங்கினார். எட்டுப் பேரும் ஆளுக்கு ஒன்று திருப்பி ஊத வேண்டும். மூடுபனியில் அப்படித்தான் அவர் ஆள் எண்ணுவது. முதல் முறையே ஏழுதான் வந்தது. திரும்ப ஊதினார், ஏழு. இன்னொரு முறை, ஏழு. வராதது உங்களுடையது.

கீழே எங்கோ நான் ஊதியதும் அவருக்குக் கேட்டிருக்கிறது, தம்பி. மெல்லியதாக, ஆனால் கேட்டிருக்கிறது. இடது பக்கம் நான். வலது பக்கம், நீங்கள் கடைசியாகப் போன செங்குத்துச் சரிவு. மற்ற எழுவரையும் காரணம் சொல்லாமல் கீழே அனுப்பிவிட்டு, அவர் வலது பக்கம் நடந்தார். இருட்டும் வரை சரிவு முழுவதும் தேடியிருக்கிறார்.

நீங்கள் கூடுதல் ஆள் கேட்க நண்பகலிலேயே நகர்மன்றத்துக்கு இறங்கிவிட்டீர்கள். நல்ல எண்ணம். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. ஊதலையும் அன்று எடுத்துப் போகவில்லை. அவர் வீட்டுக்கு வந்தபோது அது ஆணியில் தொங்கியதாம். நீங்கள் அடுக்களையில் சூப்புக் குடித்துக்கொண்டு இருந்தீர்களாம். உங்கள் தங்கை பக்கத்தில் நின்று பார்த்தது.

மருத்துவமனையில் என் கட்டிலருகே வந்து நின்றார். “ஒன் சத்தம் கேட்டுது. கேட்டும் நான் அந்தப் பக்கம் வரல. என் பையன் பதில் குடுக்கல, அவனத் தேடிப் போயிட்டேன்” என்றார். நான் கேட்டேன், “பையன் கெடச்சானா?” “கெடச்சான். சூப்புக் குடிச்சுக்கிட்டு இருந்தான்.” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. பிறகு அவர் அழுதார். எனக்கும் ஒரு மகள் உண்டு, தம்பி. அவள் ஊதல் கேட்காவிட்டால் நான் எந்தப் பக்கம் நடந்திருப்பேன் என்று அந்தக் கட்டிலிலேயே எண்ணிப் பார்த்துவிட்டேன். அன்றோடு எனக்கும் அவருக்கும் தீர்ந்தது.

கூட்டத்தில் நீங்கள் பேசியதைக் கேள்விப்பட்டு நான்தான் அவரிடம் சொன்னேன், ‘காரணத்தச் சொல்லிடுங்க’ என்று. மாட்டேன் என்றார். “சொன்னா அந்தக் காலு அவன் கணக்குல ஏறிடும். சின்னப் பையன், எப்படித் தூக்குவான்? என் கணக்குலயே இருக்கட்டும்” என்றார். இப்போது நீங்கள் சின்னப் பையன் இல்லை. அதனால் எழுதினேன்.

ஊர் என்றால் வீட்டை மறந்தவர் என்று கல்லில் போடாதீர்கள். ஒரே ஒரு நாள் வீட்டுக்காக ஊரை மறந்தார். அதையும் மறக்கவில்லை, ஞாயிறுதோறும் என் கடைக்கு வந்து எந்திரத்துக்கு எண்ணெய் போட்டார்.

மேற்சட்டை ஒன்று தைத்து வைக்கிறேன். தோள் அளவு மாறியிருந்தால் எழுதுங்கள்.

தையற்காரன்

*

சூலை 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? தையற்காரர் எழுதி ஒரு மாதம் ஆயிற்று. தோள் அளவு வரவில்லை என்கிறார். எனக்கும் ஒரு வரி இல்லை. சங்க அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டேன். வருகிறார், போகிறார், பேசுவதில்லை என்றார்கள். நீ பேசுவதில்லை என்பதைக் கேட்டுத்தான் நடுங்கினேன்.

அப்பா அன்று உன்மேல் சினம் கொள்ளவில்லை, அண்ணா. ஆணியைப் பார்த்தார், அடுக்களையில் உன்னைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, “இருக்கான்” என்றார். அந்த ஒரு சொல்தான். அவ்வளவு மகிழ்ச்சியான முகத்தை அவரிடம் நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தையற்காரர் அப்போது காட்டில் கிடந்தார். அந்த மகிழ்ச்சிக்காகத்தான் அப்பா தன்னைத் தொலைந்தவன் என்று சொல்லிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

இந்த வீட்டில் இனி நிற்பதற்கு ஆள் மிச்சம் இல்லை. பத்தாம் தேதிப் பேருந்துக்குச் சீட்டு வாங்கிவிட்டேன். நானே வருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வந்து நானும் பார்த்துக்கொள்கிறேன்.

நண்டு

*

ஆகத்து 4

அன்புத் தங்கைக்கு,

சீட்டைத் திருப்பிக் கொடு. நகராதே.

நான் நலம். இது பொய் அன்று. இன்று காலையிலிருந்து நலம். ஒரு மாதம் எனக்குச் சொல் வரவில்லை. ஆயிரம் பேர் நடுவே கேள்வி கேட்கத் தெரிந்தவனுக்கு, ஒரு மனிதர் விடை சொல்லாமல் அமர்ந்திருந்ததன் பொருள் தெரியவில்லை. அவர் என்னைத் தேடி வரவில்லை என்று பதினோர் ஆண்டு பழி சொன்னேன். அவர் தேடி வந்திருக்கிறார். மூடுபனியில், செங்குத்துச் சரிவில், பொழுதெல்லாம் ஊதிக்கொண்டு. நான்தான் விடை கொடுக்கவில்லை.

தையற்காரருக்கு இன்று தனியே எழுதியிருக்கிறேன். தோள் அளவோடு, எழுத வேண்டிய மற்றதையும் எழுதினேன்.

நாம் இருவரும் ஒரே நாளில் புறப்பட்டால், நீ என் பூட்டிய கதவருகிலும் நான் உன் பூட்டிய கதவருகிலும் நிற்போம். இந்தக் குடும்பம் அதையும் செய்யும். ஆகவே விதிப்படி நடப்போம். நீ நில். நடப்பது என் வேலை. செப்டம்பர் 13, மாலைப் பேருந்து. பலகையில் இரு.

கல்லுக்கு வரிகளை மாற்றிவிட்டேன். புகழ் ஒன்றும் வேண்டாம். அந்தப் பிரிவழியில் நிற்பவனுக்குப் பயன்பட வேண்டும்:

தொலைந்தவர் இங்கே நிற்க.
தேடி வருவோம்.

உரை இல்லை என்று நகர்மன்றத்துக்கு எழுதிவிட்டேன். அன்று தேடிய எழுவரையும் வரச் சொல். தையற்காரர் அப்பாவின் ஊதலால் மூன்று முறை ஊதட்டும். எழுவரும் விடை கொடுக்கட்டும். அதன்பின் நான் ஒரு முறை ஊதுவேன். அன்று நான் ஆற்றப்போகும் உரை அவ்வளவுதான்.

என் ஊதலைத் துடைத்து வை. உள்ளே துரு இருக்கும்.

முழங்கையைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

ஆகத்து 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். கை நலம், விரல் நலம், வாத்தும் குஞ்சு பொரித்து நலம். சீட்டைத் திருப்பிவிட்டேன்.

உன் ஊதலை ஆணியிலிருந்து எடுத்து, மருந்தகத்து எண்ணெய் ஊற்றித் துடைத்தேன். ஒலிக்கிறதா என்று பார்க்க, வாசலில் நின்று ஒரு முறை ஊதினேன். நம் ஊரில் ஒற்றைச் சீழ்க்கைக்கு என்ன பொருள் என்பதை மறந்துபோனேன். தெரு முழுவதும் கதவுகள் திறந்தன. ரொட்டிக் கடைக்காரர் மாவுக் கையோடு ஓடி வந்தார். பள்ளி ஆசிரியை ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்தார். தையற்காரர் ஊன்றுகோலில் எல்லாரையும் முந்திவிட்டார்.

“யாரும்மா தொலைஞ்சது?” என்று கடைக்காரர் மூச்சு வாங்கக் கேட்டார்.

நான் சொன்னேன், “யாரும் தொலையலண்ணே. எங்க அண்ணன் இருக்கான்.”

நிற்கிறேன்.

நண்டு